மூலை மடித்த பனி

வாருங்கள் அக்கா, உள்ளே வாருங்கள். அந்த மரங்களைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். பழைய கிறிஸ்துமஸ் மரங்கள்தான், காய்ந்துபோய்க் கிடக்கின்றன. இருபத்துமூன்று. நாலைந்தில் இன்னும் ஜிகினா தொங்குகிறது. ஒன்றில் ஒரு சம்மனசு பொம்மை, இறக்கையோடு தலைகீழாக மாட்டிக்கொண்டிருக்கிறது, எடுக்க மனசு வரவில்லை. போன வாரம் வீடு பார்க்க வந்த குடும்பம் காரை விட்டு இறங்கவே யோசித்தார்கள். ஏதோ வரக்கூடாத இடத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள், பாவம்.

பூட்ஸைக் கழற்ற வேண்டாம். ஓ, கழற்றிவிட்டீர்களா. தரை ஜில்லென்று இருக்கும், இந்தச் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம், குழந்தை தூங்குகிறாள். ஜோவிட்டா. எட்டு மாதம். நடுவில் நான் எழுந்து எழுந்து போனால் ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள். மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். பயமெல்லாம் இல்லை. சும்மா ஒரு பழக்கம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா. வீடு வாடகைக்கு என்று இந்த விளம்பரத்தைக் கொடுத்தது நான் இல்லை, என் வீட்டுக்காரர். ஸ்கார்பரோவில் நீங்கள் சாமான் வாங்கும் கடையில் ஒட்டியிருந்ததே, அந்தக் காகிதம் அவர் கையெழுத்து. ஆனால் போன் நம்பர் என்னுடையதைப் போட்டிருக்கிறார். மறதிக்காரர். ‘யாருக்கு முதலில் வீடு பிடிக்கிறதோ அவர்களுக்குக் கொடுத்துவிடுவோம், சாவியை அன்றைக்கே கொடுத்துவிடலாம்’ என்று சொல்லியிருக்கிறார். எல்லாம் எனக்காக. நான் இரண்டு வருடமாக ஸ்கார்பரோ, ஸ்கார்பரோ என்று உயிரை எடுத்தேனாம். என் சின்னம்மா மகள் அங்கே, அந்தப் பட்டணத்தில், பதினாலாவது மாடியில் இருக்கிறாள். கீழே இறங்கினால் தமிழ்க் கடை, அடுத்த தெரு சர்ச்சில் தமிழ்ப் பூசை, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் டாக்டர். இங்கே ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம். நான் கேட்டு வைத்திருக்கிறேன். பனிக்காலத்தில் எவ்வளவு என்று கேட்டேன், போனில் இருந்த பெண், ‘உங்களுக்கு முதலுதவி தெரியுமா’ என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

அதனால் வீட்டைத் தாராளமாகப் பாருங்கள். நான் ஒன்றையும் மறைக்க மாட்டேன். கான்வென்ட்டில் படித்தவள், திண்டுக்கல்லில், பத்து வருடம் போர்டிங். பொய் வராது.

இது சமையலறை. வெளிச்சம் நன்றாக இருக்கிறதா? இருக்கும், இருக்கும். இப்போது ஏப்ரல். ஜனவரியில் நாலே முக்காலுக்கு இருட்டிவிடும். அடுப்பு நன்றாக எரியும், ஆனால் அந்த மூலையில் எலி வரும். போன வாரம் வந்தவர்களிடமும் எலியைப் பற்றிச் சொன்னேன். சொல்லத்தானே வேண்டும்? ஏனோ அவர்களுக்கு வீடு பிடிக்கவில்லை.

ஜன்னல் வழியாகப் பாருங்கள். அதுதான் எங்கள் பாத்திகள். ஆறு. எல்லாம் பூண்டு. நீங்கள் யாழ்ப்பாணப் பக்கம்தானே, உள்ளி என்பீர்கள். இது விற்பதற்குப் போட்டது இல்லை அக்கா, விதைக்கு. இந்த வருடம் ஆறு பாத்தியும் பிழைத்தால் அத்தனை பல்லும் மறுபடி மண்ணுக்குள் போகும், அடுத்த வருடம் பின்னால் இருக்கிற நிலம் முழுக்கப் பூண்டாகும். இது அவருடைய கனவு. எனக்கு அதில் சம்பந்தம் இல்லை.

அவர் கொடைக்கானல் மேல்மலைக்காரர். இருதயராஜ் என்று பெயர், இங்கே எல்லாரும் ராஜ். பூண்டிலேயே பிறந்து பூண்டிலேயே வளர்ந்தவர். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதே சட்டையில் அந்த வாசனை வந்தது. என் அம்மா, ‘பையன் சமையல் எல்லாம் செய்வான் போல’ என்று சந்தோஷப்பட்டுவிட்டாள். இங்கே பகலில் தக்காளி வளர்க்கிற ஒரு கண்ணாடிக் கூடாரத்தில் வேலை, நாற்பது கிலோமீட்டர் தள்ளி. கிடைக்கிற நேரத்தில் இந்தப் பாத்தி.

உட்காருங்கள், டீ போடுகிறேன். வேண்டாம் என்று சொல்லக்கூடாது. பேசுவதற்கு இங்கே தமிழ் வாய் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா உங்களுக்கு? ஒரு நிமிடம், குழந்தையைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நன்றாகத் தூங்குகிறாள்.

எதில் விட்டேன்? பூண்டு. இந்த ஊரில் பூண்டை அக்டோபரில் நட வேண்டும். பனிக்காலம் முழுக்க மண்ணுக்குள் தூங்கும், ஏப்ரலில் எழுந்து வரும். இது எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாதது, நடுவில் என்ன நடக்கிறது என்பது. முதல் வருடம் நட்டார். நவம்பரில் பனி கொட்டியது. மறுநாள் காலையில் எழுந்து பார்க்கிறேன், இவர் துடைப்பத்தோடு பாத்தியில் நிற்கிறார்.

பெருக்குகிறார் அக்கா. பாத்திமேல் விழுந்த பனியை ஒரு பொட்டு விடாமல் பெருக்கித் தள்ளுகிறார்.

சிரிக்காதீர்கள். அவர் மலையில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். உப்பைத் தூவினதுபோல இலைமேல் நிற்கும். அது இருக்கும்போது வெயில் பட்டால் உருளைக்கிழங்குச் செடி மொத்தமும் கருகிப்போகும். அதனால் சூரியன் வருவதற்கு முன்னால் வீட்டில் உள்ள எல்லாரையும் எழுப்பி, தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுவார்களாம். வெள்ளையாக எது விழுந்தாலும் விரட்டு, அதுதான் அவருக்குத் தெரிந்த விவசாயம். இங்கே தண்ணீர் தெளித்தால் தெளித்த இடத்திலேயே கண்ணாடியாகிவிடுகிறது. அதனால் துடைப்பம். தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன்னால் ஆறு பாத்தியும் பெருக்குவார். பெருக்கின பிறகு மண் கறுப்பாக, சுத்தமாக, அமாவாசைக்கு மெழுகினதுபோல இருக்கும். எனக்கே பெருமையாக இருந்தது. சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் நிலமெல்லாம் பனிக்குள் புதைந்து கிடக்க, எங்கள் பாத்தி மட்டும் பளிச்சென்று இருக்கிறதே!

பக்கத்துப் பண்ணை ஹில்டாவுடையது. பக்கத்து என்றால் கத்தினால் கேட்காது, அரை கிலோமீட்டர். ஐம்பது வயது இருக்கும், ஆடு வளர்க்கிறார், பள்ளிக்கூட பஸ்ஸும் ஓட்டுகிறார். தினமும் அந்த பஸ் எங்கள் வாசலில் மெதுவாகும். உள்ளே இருக்கிற பிள்ளைகள் எல்லாம் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு இவரைப் பார்த்துக் கையாட்டும். இவரும் துடைப்பத்தைத் தூக்கி ஆட்டுவார். ‘என்ன பாசமான பிள்ளைங்க பாரு’ என்று என்னிடம் சொல்வார்.

அந்த ஏப்ரலில் ஒரு முளைகூட வரவில்லை. தோண்டிப் பார்த்தால் ஒவ்வொரு பல்லும் கூழாக இருந்தது. இவர் பாத்தி நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் ஐந்து மாத வயிற்றோடு ஜன்னலில் நின்று பார்க்கிறேன். அப்போதுதான் ஹில்டா வந்தார். இவர் கையில் இருந்த கூழைப் பார்த்தார். ரொம்பத் தயங்கி, ரொம்ப மரியாதையாகக் கேட்டார். இங்கிலீஷில்தான் கேட்டார், நான் நம் பாஷையில் சொல்கிறேன்.

“ராஜ், தப்பா எடுத்துக்காதே. நீ பனியைப் பெருக்கறது உங்க மதத்துல ஏதாவது சடங்கா?”

அக்கா, இந்த ரோடு முழுக்க அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள்! ஐந்து மாதம்! இந்தியாக்காரர்கள், ஏதோ விரதம், கேட்டால் மனசு புண்படும் என்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கோயிலில் பாதர்கூட அப்படியே நினைத்திருக்கிறார். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள், எங்களுக்கு என்ன தனி மதம்? பாதரிடம் கேட்டதற்கு, ‘கிறிஸ்துமஸுக்கு முந்தைய உங்கள் ஊர்த் திருவருகைக்கால வழக்கம் என்று நினைத்தேன், அழகாக இருந்தது’ என்கிறார். அழகாக இருந்ததாம்! ஒருத்தராவது கொஞ்சம் மரியாதை இல்லாமல் நடந்துகொண்டிருந்தால் எங்கள் பூண்டு பிழைத்திருக்கும்.

அப்புறம்தான் ஹில்டா சொன்னார், “பனிதான்பா போர்வை. அதைப் போய் தினம் உருவிட்டியே.”

மேலே மைனஸ் இருபது இருந்தாலும் ஒரு முழம் பனிக்குக் கீழே மண் பூஜ்யத்தை ஒட்டியே இருக்குமாம். இவர் நம்பவில்லை. போன டிசம்பரில் தெர்மாமீட்டர் வாங்கிக் குத்திப் பார்த்தார். பனிக்கு மேலே மைனஸ் பத்தொன்பது, அடியில் மைனஸ் ஒன்று. வீட்டுக்குள் ஓடிவந்து, ஏதோ குழந்தைக்குப் பல் முளைத்ததுபோலச் சொல்கிறார். நானும் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொண்டேன், குழந்தை அறைக்கு. அதைக் குறித்தும் வைப்பேன். அப்படியே இந்தப் பாத்தியில் இருப்பதையும் ஒரு பார்வை பார்த்துக் குறித்துவிடுவேன், நோட்டு கையில் இருக்கிறதே என்று. மற்றபடி எனக்கு அதில் சம்பந்தம் இல்லை.

குழந்தை அறை என்றதும் ஞாபகம் வருகிறது. பிறந்த புதிதில் நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். நான் ஜோவிட்டாவுக்கு ஏழு சுற்று துணி சுற்றியிருந்தேன். செப்டம்பர்தான், ஆனாலும் ஒரு முன்ஜாக்கிரதை. அந்த நர்ஸ் ஒவ்வொன்றாகப் பிரித்தாள், பிரித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் உள்ளே இவள் வியர்த்துச் சிவந்துபோய்க் கிடக்கிறாள். “இதுக்குள்ள பிள்ளை இருக்கும்னு நான் நம்பிக்கையை விட்டுட்டேன்” என்றாள் அந்த நர்ஸ். ஒரே ஒரு தூங்கும் பை போதும், தளர்வாக இருக்கட்டும், இறுக்கினால் சூடு நிற்காது என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு நான் அழுதேன் என்று இவர் எல்லாரிடமும் சொல்வார். அழவில்லை. கண் எரிந்தது.

டீ சரியாக இருக்கிறதா? சர்க்கரை இன்னும் கொஞ்சம்?

ஆங், மரங்கள். ஹில்டா சொன்ன யோசனைதான் அது. எங்கள் மேற்குப் பக்கம் கொஞ்சம் மேடு. அந்தக் கடைசி இரண்டு பாத்தி. காற்று வந்தால் பனியை அங்கே நிற்க விடாது, துடைத்துக்கொண்டு போய்விடும், இவர் துடைப்பத்துக்கு அண்ணன். வைக்கோல் போட்டோம், அதைக் காற்று அள்ளிக்கொண்டு போய் ஹில்டாவின் ஆடுகளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஊரில் எல்லாரும் மரத்தைத் தூக்கிப் போடுவார்கள், அதை வாங்கி மேட்டோரமாக வரிசையாகப் படுக்க வைத்தால் காற்று அதில் முட்டித் தடுமாறி, சுமந்துவருகிற பனியைப் பாத்தியிலேயே போட்டுவிட்டுப் போகும் என்று சொன்னார் ஹில்டா. இவருக்குக் கேட்க வெட்கம். நான்தான் பாதரிடம் சொல்லி, பூசை முடிந்ததும் அறிவிப்பு செய்ய வைத்தேன். இரண்டு மரம் கிடைத்தால் போதும் என்று நினைத்தேன். போன தடவை வாயைத் திறக்காத குற்ற உணர்ச்சியோ என்னவோ, கோயிலுக்கு வருகிற பங்கு மொத்தமும் திரண்டு வந்து கொட்டிவிட்டுப் போனது. இருபத்துமூன்று!

நன்றாகத்தான் வேலை செய்தது. மேட்டிலும் பனி நின்றது. ஜனவரி நடுவில்தான் வினை. இரண்டு நாள் மழை அக்கா, பனிக்காலத்தில் மழை! மேட்டில் இருந்த பனி மொத்தமும் கரைந்து ஓடியது. கீழே நாலு பாத்தியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, இந்த இரண்டும் மொட்டையாகிவிட்டன. மூன்றாம் நாள் காலை வானம் வெளுத்தது. ரேடியோவில், இன்று இரவுக்குள் மைனஸ் இருபத்தெட்டு, காற்றும் உண்டு, புதுப் பனி கிடையாது என்று சொன்னான். ஈரமண், மேலே ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கிற பல்லுக்கெல்லாம் போன வருடக் கதைதான்.

இவர் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார். மத்தியானம் போன் செய்தார். ரோடெல்லாம் மழைத்தண்ணீர் உறைந்துபோய் போலீஸ் அடைத்துவிட்டார்களாம், மறுநாள் காலையில்தான் வர முடியுமாம். “நீ வெளியே போகாதே. வழுக்கும். பாப்பாவைப் பாத்துக்கிட்டு உள்ளேயே இரு” என்றார். பாத்தி மொட்டையாக இருக்கிறது என்றேன். எத்தனை என்று கேட்டார், இரண்டு என்றேன். பிறகு, “போனா போகுது. அதுதான் முன்னாடியே பேசியிருக்கோமே. முளைச்சா இருப்போம், முளைக்கலைன்னா ஸ்கார்பரோ. உன் ஆசைப்படியே நடக்கட்டும்” என்றார்.

பாருங்கள் அக்கா, எவ்வளவு நல்ல செய்தி. நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. அடுப்புப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தால் போதும், ராத்திரி வருகிற குளிர் எனக்குப் பதினாலாவது மாடியை வாங்கிக் கொடுத்துவிடும். உட்கார்ந்தேன். நிஜமாகவே உட்கார்ந்தேன். அந்த ‘உன் ஆசைப்படியே’ என்ற வார்த்தைதான் காதில் புகுந்த எறும்புபோல இருந்தது.

ஜன்னலில் போய் நின்றேன். அந்தக் கறுப்பு மண் தெரிந்தது. இரண்டு பாத்தியிலும் அறுநூறு பல் இருக்கும், நட்ட அன்றைக்குக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பாதி நான்தான் குத்தினேன், கூர்ப் பக்கம் மேலே வைத்து. எல்லாம் சட்டை துணி இல்லாமல் படுத்திருக்கிற மாதிரி ஒரு எண்ணம் வந்தது. பைத்தியக்கார எண்ணம். ரோடு அடைத்துவிட்டார்கள் என்றால் ஆம்புலன்ஸ் நாற்பது நிமிடத்திலும் வராது. ஜோவிட்டா லேசாகத் தும்மியிருந்தாள், ஒரே ஒரு தும்மல். உங்களிடம் சொல்வதற்கு என்ன, பயமாகத்தான் இருந்தது. எப்படியும் பயப்படத்தான் போகிறேன், அதை வெளியே நின்று பயப்படலாம் என்று கிளம்பினேன்.

குழந்தையை இதோ இந்த ஜன்னலோரம், அவளுடைய சாய்வு நாற்காலியில் கட்டி உட்கார வைத்தேன். இங்கிருந்து பாத்தி இருபது அடிதான், அவள் முகம் எனக்குத் தெரியும், என் முகம் அவளுக்குத் தெரியும். குழந்தை சத்தம் கேட்கிற கருவியைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டேன். கொட்டகைக்குப் பின்னால், வெயில் படாத இடத்தில் இடுப்பு உயரத்துக்குப் பனி குவிந்து கிடந்தது. மேலே அப்பளம்போல ஓடு. குதிகாலால் உடைத்தால் உள்ளே ரவை ரவையாக இருந்தது. ஷவலால் அள்ளி, ஹில்டா குழந்தைக்கென்று கொடுத்திருந்த பிளாஸ்டிக் சறுக்கு வண்டியில் போட்டு, கயிற்றைக் கட்டி இழுத்துவந்து கொட்டினேன். அந்த ஷவல் இவர் உயரத்துக்கு உள்ளது, பிடி என் தாடையில் இடித்துக்கொண்டே இருந்தது.

முப்பத்தெட்டு நடை. நடுவில் எட்டுத் தடவை உள்ளே ஓடிவந்து, கையுறையைக் கழற்றி, மூக்குக்குக் கீழே விரல். அவள் முழித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள், ஆனாலும் விரல் வைத்துத்தான் பார்த்தேன். ஒவ்வொரு தடவை வண்டியோடு ஜன்னலைத் தாண்டும்போதும் கையைக் காலை உதைத்து ஒரே ஆட்டம். அவளுக்கு நான் சர்க்கஸ். இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன். அதற்குத்தான் அதிகமாகச் சிரித்தாள்.

கொட்டினதை அப்படியே விட்டுவிட முடியுமா? போர்டிங்கில் காலையில் மணி அடித்ததும் படுக்கை விரிக்க வேண்டும். சிஸ்டர் கொன்சாகா வந்து பார்ப்பார்கள். ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது, நாலு மூலையும் மடித்துச் செருகி, தட்டினால் தாம்பாளம்போல விறைப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உருவிப் போட்டுவிடுவார்கள். கை தானாகவே அந்த வேலையைச் செய்தது. ஷவலின் முதுகால் தட்டித் தட்டிச் சமமாக்கினேன். மூலைகளை நன்றாக அழுத்தி, கோணம் எடுத்தேன். தூரத்தில் நின்று பார்த்தபோது, அக்கா, சிஸ்டர் கொன்சாகாவே ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

சொல்லியது ஹில்டா. என் வீட்டுக்காரர் வரவில்லை என்று தெரிந்து, பூட்ஸில் ஆணி வைத்த பட்டையை மாட்டிக்கொண்டு அரை கிலோமீட்டர் நடந்தே என்னைப் பார்க்க வந்திருக்கிறார். பாத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இது யாரு சொல்லிக்கொடுத்தது? கன்னியாஸ்திரியா?”

“ஆமாம்” என்றேன்.

ஷவலில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறார், சிரிக்கிறார், நிறுத்தவே இல்லை. பிறகுதான் சொன்னார், இறுக்கினால் சூடு நிற்காது, பனிக்குள் காற்று இருக்க வேண்டும், அதுதான் கம்பளி. அழுத்தினால் ஐஸ்தான், அடியில் மூச்சு முட்டும். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. இரண்டு பேரும் சேர்ந்து மேலே எல்லாவற்றையும் கிளறிப் பொலபொலவென்று ஆக்கினோம். மூலைகளுக்குப் போகும்போது ஜோவிட்டா கத்த ஆரம்பித்துவிட்டாள். நான் ஓடி வந்துவிட்டேன். இருட்டும் ஆகிவிட்டது. மூலைகள் அப்படியே நின்றுவிட்டன.

ஹில்டாவிடம் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன், இவரிடம் சொல்லக்கூடாது என்று. ஏன் என்று கேட்டார். என்ன சொல்வது? இரண்டு வருடம் இந்த ஊரைத் திட்டியிருக்கிறேன். இந்த மண்ணுக்காக நான் வண்டி இழுத்தேன் என்று தெரிந்தால், அதற்கப்புறம் எதை வைத்து நான் குறை சொல்வது? ஒரு மனுஷிக்கு அந்த உரிமையாவது வேண்டாமா? சத்தியம் செய்து கொடுத்தார். ஹில்டா வாயைத் திறக்காதவர்தான். அதுதான் போன வருடமே பார்த்தோமே.

இவரும் அப்பாவி, ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. மறுநாள் காலை வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் பாத்தி முன்னால் ரொம்ப நேரம் நின்றார். கீழே நாலு பாத்தியில் பனி கண்டபடி கிடக்கிறது, மேட்டில் இரண்டு பாத்தியில் மட்டும் மூலை மடித்து இருக்கிறது. வண்டி இழுத்த தடம் கொட்டகை வரைக்கும். உள்ளே வந்து, “ஆண்டவர் நம்ம பாத்திக்கு மட்டும் தனியா பனி கொடுத்திருக்கார். அவரும் கான்வென்ட்லதான் படிச்சிருப்பார் போல” என்றார். ‘இருக்கும், ஆண்டவருக்கு ஆகாதது உண்டா’ என்று சொல்லிவிட்டு நான் இட்லிக்குத் தட்டு எடுக்கப் போய்விட்டேன். எவ்வளவு வெள்ளை மனசு பாருங்கள்! அதற்கப்புறம் ஒரு நாள் அந்த ஷவலை எடுத்துப் பிடியை அரை அடி வெட்டி, நுனியைத் தேய்த்து வழுவழுப்பாக்கி மாட்டி வைத்திருக்கிறார். இப்போது அது அவர் உயரத்துக்குப் போதாது, எனக்குத்தான் சரியாக இருக்கிறது. என்னத்துக்கு வெட்டினீர்கள் என்று கேட்டால் சிரிக்கிறார். சொன்னேனே, மறதி.

இப்போது ஜன்னலில் நன்றாகப் பாருங்கள். மேட்டில், அந்த இரண்டாவது பாத்தி. பச்சையாக, கத்தி முனை மாதிரி. தெரிகிறதா? ஈஸ்டர் திங்கட்கிழமை முதல் முளை வந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். இரண்டு பாத்தியிலும் ஐந்நூற்று எழுபத்தாறு. எண்ணவில்லை, சும்மா பார்த்தேன். மூலைகள் மட்டும் மொட்டை, எட்டு மூலையும். அங்கே நான் அழுத்தின அழுத்தலில் ஒன்றும் வரவில்லை. மற்றதெல்லாம் வந்துவிட்டது.

ஆக, முளைத்தால் இருப்போம் என்றுதானே பேச்சு? அன்றைக்கே அது முடிந்துபோயிருக்க வேண்டும். இவர் என்ன செய்தார் தெரியுமா? முளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “முளைச்சாலும் பரவாயில்லை, ஜெனி. உன் நிம்மதிதான் எனக்குப் பெரிசு. ஸ்கார்பரோ போயிடலாம். நீயா ஒரு வார்த்தை வேண்டாம்னு சொன்னா ஒழிய, நான் விளம்பரம் கொடுத்துடறேன்” என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் என்ன சொல்ல முடியும்? எனக்காக இவ்வளவு பெரிய ஆசையை ஒரு மனிதர் விட்டுக்கொடுக்கும்போது, வேண்டாம் என்று சொன்னால் அவர் மனசு என்ன பாடுபடும்? ‘உங்க இஷ்டம்’ என்று சொன்னேன். அன்று சாயங்காலமே காகிதத்தில் எழுதிக்கொண்டு போய்விட்டார். எழுதும்போது விசிலடித்துக்கொண்டே எழுதினார். துக்கத்தை மறைக்கிறாராம்.

அப்படித்தான் அக்கா நீங்கள் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் இரண்டு குடும்பம் வந்தார்கள். முதலில் வந்தவர்களுக்கு எலி பிடிக்கவில்லை. அடுத்து வந்தவர்களுக்கு ஆம்புலன்ஸ் பிடிக்கவில்லை.

ஒரு நிமிடம்.

தூங்குகிறாள். நல்ல மூச்சு.

என்னது? பிடித்திருக்கிறதா? எது, இந்த வீடா? அக்கா, இவ்வளவு நேரம் என்னத்தைத்தான் கேட்டீர்கள்? எலி வருகிறது என்றேனே! நாலே முக்காலுக்கு இருட்டிவிடும் என்றேனே! பூனை வைத்துக்கொள்வீர்களா? அமைதியாக இருக்கிறதா? இந்த அமைதியில் ஜனவரியில் இருந்து பாருங்கள், உங்கள் காதுக்குள் ஓடுகிற ரத்தம் உங்களுக்கே கேட்கும். இல்லை, இல்லை, பயமுறுத்தவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட பஸ் வாசலுக்கே வரும்தான். அதை ஏன்தான் சொன்னேனோ.

இங்கே பாருங்கள் அக்கா. கொஞ்சம் கிட்டே வாருங்கள். உங்களை என் கூடப் பிறந்தவளாக நினைத்துக் கேட்கிறேன். இவர் வந்து கேட்டால், வீடு பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். சமையலறை சின்னது என்று சொல்லுங்கள். தரை ஜில்லென்று இருக்கிறது என்று சொல்லுங்கள், அது பொய்கூட இல்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இந்த ஊரில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த எட்டு மூலையும் மொட்டையாக நிற்கிறதே, அதை அப்படியே விட்டுவிட்டு எப்படிப் போவது? அடுத்த அக்டோபரில் நட்டு, பனி வந்ததும் அங்கே நான் தளர்வாகப் போட்டுக் காட்ட வேண்டாமா? ஹில்டா சிரித்த சிரிப்புக்கு ஒரு பதில் வேண்டாமா? ஜூலையில் தோண்டும்போது வாருங்கள், ஒரு பை நிறையத் தருகிறேன். உள்ளி. நீங்கள் எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வண்டிச் சத்தம் கேட்கிறதா? இவர்தான். இன்றைக்கு என்ன சீக்கிரமாக வருகிறார்? நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன். முகத்தை மட்டும் கொஞ்சம் பிடிக்காத மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம். ஆங், அப்படித்தான்.

“வாங்க. மெதுவா, பாப்பா தூங்கறா. இவங்க ஸ்கார்பரோவிலேர்ந்து வந்திருக்காங்க, கிளம்பிட்டாங்க. பாவம், அவ்வளவு தூரம் வந்தும் வீடு பிடிக்கலையாம். ஆமா, மூணாவது ஆளுக்கும்தான். எனக்கென்ன தெரியும்? நான் உள்ளதைத்தான் சொன்னேன். என்னங்க, ஏன் சிரிக்கிறீங்க? இதுல சிரிக்க என்ன இருக்கு?

அக்கா, நீங்களுமா?”